எல்.டி.எச். எவ்வளவு, அக்கா?

எங்கள் செக்டரில் புதுப்புடவை கட்டிய பெண்கள் யாரும் அவள் எதிரில் போய் நின்று "எப்படி இருக்கு?" என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் சொல்லிவிடுவாள். "கலர் நல்லாத்தான் இருக்கு. ஒனக்கு நல்லால்ல" என்று ஒருமுறை என்னிடமே சொன்னாள். அந்தப் புடவையை நான் பிறகு கட்டவில்லை. ஆனால் அவள்மேல் கோபம் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

லேப் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பயோகெமிஸ்ட்ரி லேபில் வேலை. ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நேர் மேல்மாடியில் தனியாக இருந்தாள். திருநெல்வேலிப் பக்கம். டெல்லிக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். "பாக்க வந்தவருகிட்ட ஒங்க கண்ணு மஞ்சளா இருக்கு, மொதல்ல டாக்டர்ட்ட காமிங்கன்னு சொன்னேன். எழுந்து போனவரு திரும்ப வரல." இது நிஜமா, வாயை அடைக்கச் சொல்வதா என்று எனக்குத் தெரியாது. அவள் சொன்னதால் நிஜம் என்றே எடுத்துக்கொண்டேன்.

"பரவாயில்லை" என்ற வார்த்தை அவளுக்கு ஆகாது. "பரவாயில்லன்னா என்ன அர்த்தம்? நல்லா இருக்கா, நல்லா இல்லையா? ஒண்ணச் சொல்லு" என்பாள். தமிழ்ச் சங்கத்தில் குழந்தைகள் பாட்டுப் போட்டிக்கு அவளை ஒருமுறை நடுவராகப் போட்டார்கள். ஒரு பெரிய அதிகாரியின் பெண் பாடி முடித்ததும், அந்தப் பெண்ணின் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "புள்ளைக்குச் சுருதி நிக்கல. சாயங்காலம் பார்க்குல பாத்தேன், மான் கணக்கா ஓடுதா. ஓட விடுங்க" என்றாள். அந்த அம்மா அதன்பிறகு சங்கத்துப் பக்கமே வரவில்லை. அந்தப் பெண் மட்டும் வழியில் எங்கே பார்த்தாலும் லேப் அக்காவுக்குக் கையாட்டிவிட்டுப் போகும்.

அவளுடைய லேபில் நான் பார்த்த ஒரு காட்சி உண்டு. அது என் கணவர் நோயில் விழுந்த பிறகு நடந்தது. சாம்பிள் கொடுக்கும் ஜன்னலில் நான் நின்றுகொண்டிருந்தேன். வரிசையைத் தாண்டி ஒரு பியூன் வந்து, "சாப் கா சாம்பிள் ஹை, மேடம், ஜல்தி" என்று பெரிய அதிகாரி ஒருவரின் ரத்தம் இருந்த குழாயை நீட்டினான். அக்கா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் இளமஞ்சளாக இல்லாமல் ரோஜா நிறத்தில் இருந்தது. அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "சாப் கா ஹோ யா கிஸீ கா பீ ஹோ, தூஸ்ரா லாவ்." யாருடையதாக இருந்தாலும் வேறு எடுத்து வா என்றாள். அவன் ஏதோ பெரிய பெயரைச் சொல்லிப் பயமுறுத்தினான். அவள் அடுத்த ஆளுக்குக் கை நீட்டினாள்.

பிறகு என்னிடம் சொன்னாள். "ஊசியில வெடுக்குன்னு இழுத்திருக்கான். செல்லெல்லாம் ஒடைஞ்சு போச்சு. இதுல நம்பர் போட்டா நம்பர் வரும். ஆனா அது அந்த மனுசனோட நம்பர் இல்ல, ஊசி குத்துனவனோட நம்பர். அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எழுபதுகளின் கடைசியில் ஒரு குளிர்காலத்தில் என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. வந்தது போகவில்லை. பஸ்ஸில் சீட்டுக் கம்பி லேசாக இடித்தாலே தொடையில் கையகலத்துக்குக் கன்றிப்போயிற்று. பல் தேய்த்தால் ரத்தம். ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர் அவர், நாற்பதுகூட ஆகவில்லை. எங்கள் பெண் மோதி பாக் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் வந்தார்கள், போனார்கள், "டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்கோம்" என்றார்கள். அவருடைய அண்ணன் பம்பாயிலிருந்து வந்து டாக்டரிடம் பேசிவிட்டு, என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்லேம்மா, ரத்தம் கம்மியா இருக்காம்" என்று சொல்லி வேறு பக்கம் பார்த்தார்.

லேப் அக்காதான் மத்தியானம் வந்து என் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த டீக்கடைக்கு அழைத்துப் போனாள். பெஞ்சில் உட்காரவைத்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள். நான் ஒரு வாய் குடித்த பிறகு சொன்னாள்.

"ஒளிச்சு வச்சு என்ன செய்ய? அவுகளுக்கு லுகேமியா. ரத்தத்துல புத்துநோயி."

"பொழைப்பாரா, அக்கா?"

"சில பேருக்கு மருந்துல அடங்குது. அடங்குனாலும் திரும்ப வர்றது உண்டு. அவுகளுக்கு எப்படின்னு இப்ப யாருக்கும் தெரியாது. தெரியுறப்ப நான் சொல்லுதேன்."

நான் அழுதேன். அவள் தோளைத் தட்டவில்லை, கடவுள் இருக்கிறார் என்று சொல்லவில்லை. டீயை முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அன்று யார்மேலும் இல்லாத நன்றி அவள்மேல் வந்தது. உலகத்தில் எல்லோரும் என்னைச் சுற்றித் திரை போட்டுக்கொண்டிருந்தபோது இவள் ஒருத்தி அதை விலக்கிக் காட்டினாள் என்று நினைத்தேன்.

அந்த நோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் என் சமையலறையில் நின்றுகொண்டு சொல்லிக் கொடுத்ததுதான். எல்.டி.எச். என்ற மூன்றெழுத்தை அவள்தான் என் வாயில் போட்டாள்.

"செல்லுக்குள்ள இருக்க வேண்டிய சாமான் அது. செல்லு செத்தா வெளிய கொட்டி ரத்தத்துல மிதக்கும். இந்த நோயில கெட்ட செல்லு அவசர அவசரமாப் பெருகும், அவசர அவசரமாச் சாகும். அதனால எல்.டி.எச். ஏறும். யூரிக் ஆசிடும் ஏறும். அது செத்த செல்லோட கரு கரைஞ்ச குப்பை. ரெண்டும் நோயோட பேரைச் சொல்லாது. நோயி தூங்குதா, முழிச்சிருக்கா, என்ன வேகத்துல ஓடுது, அதத்தான் சொல்லும்."

"ரத்த செல் கவுன்ட் பார்த்தாலே தெரியாதா?"

"தெரியும். ஆனா சில சமயம் கவுன்ட் நல்லா இருக்கறப்பவே இது ஏற ஆரம்பிச்சிரும். உள்ள அடுப்பு பத்திக்கிட்டு வெளிய பொகை தெரியாம இருக்கும்லா, அந்த மாதிரி."

மருந்து ஏற்றினார்கள். தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. வாய் முழுக்கப் புண். மோரைக்கூட அவரால் விழுங்க முடியவில்லை. வார்டில் வாந்தி எடுத்து எடுத்து வெறும் நாராகக் கிடந்தார். "இது மருந்தா, இல்ல தண்டனையா?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். ஆனால் எண்கள் இறங்கின. சாயங்காலம் மாடிப்படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பேன். "எல்.டி.எச். எவ்வளவு, அக்கா?" அவள் படியில் நின்றபடியே எண்ணைச் சொல்லுவாள். போன வாரம் இவ்வளவு, இந்த வாரம் இவ்வளவு. எங்கள் வீட்டில் அந்த எண்தான் வானிலை. இறங்கினால் நான் பெண்ணுக்குப் பூரி போடுவேன்.

எலும்பு மஜ்ஜையைக் குத்திப் பார்த்து நோய் அடங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன். "ரொம்ப ஆடாத ஏட்டி. அடங்கியிருக்கு, அவ்வளவுதான்" என்றாள்.

நடுவில் ஒரு வாரம் எல்.டி.எச். ஏறியது. அதையும் மறைக்கவில்லை. படியேறி வரும்போதே முகத்தைப் பார்த்தேன், "ஏறியிருக்கு" என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். மறுபடி மறுபடி டெஸ்ட் செய்து, மருந்து ஈரலைத் தாக்கியதால் வந்த ஏற்றம் அது, நோயினால் இல்லை என்று தெரிந்தது. அன்று எனக்கு ஒன்று உறுதியாயிற்று. கெட்டதைக் கெட்டது என்று சொல்கிறவள் நல்லது என்றால் அது நல்லதுதான். டாக்டரின் முகத்தைப் பார்த்து ஊகிப்பதை அதோடு விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த வருடக் கோடையில் கும்பகோணத்தில் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். முடி திரும்ப வளர்ந்திருந்தது. "நீயும் குழந்தையும் லீவு முடியறவரைக்கும் இருந்துட்டு வாங்க. எனக்கு வெயில்ல அவ்வளவு தூரம் வண்டியில வர முடியாது" என்றார். எனக்கு மனசு வரவில்லை. அவர் விடவில்லை. ஒன்றரை வருடமாக ஆஸ்பத்திரியைத் தவிர நீ எதைப் பார்த்தாய் என்றார். நான் மேலே ஏறிப்போனேன்.

அக்கா கூலருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாளியைக் கீழே வைக்காமலே, "என்ன ஏட்டி?" என்றாள்.

"ஊருக்குப் போகட்டுமா, அக்கா? உங்களுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் நான் போகல. தங்கை புரிஞ்சுக்குவா. நேத்து பார்த்தீங்களே, எல்.டி.எச். எவ்வளவு?"

"நார்மல்" என்றாள்.

"யூரிக் ஆசிட்?"

"அதுவும் நார்மல்தான்." தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டியது. "போயிட்டு வா. கூடப்பொறந்தவ கல்யாணம்லா."

நான் போனேன். அந்தக் கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நலுங்கில் பாடினேன். காவிரிக் கரைக்குப் போனேன். மத்தியானங்களில் நிம்மதியாகத் தூங்கினேன். அவ்வப்போது டிரங்க் கால் போட்டு அவர் ஆபீசில் பேசினால், "நல்லா இருக்கேன், லைன் சரியில்ல, வச்சுடறேன்" என்பார். கடைசியாக ஒருமுறை போட்டபோது லீவில் இருப்பதாக வேறு யாரோ சொன்னார்கள். வெயில் தாங்காமல் வீட்டில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

புது டெல்லி ஸ்டேஷனில் அவர் வரவில்லை. அக்கா நின்றாள். என் பெண் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டது.

"அவுகளுக்குக் கொஞ்சம் முடியல" என்றாள். ஆர்.கே.புரம் வரும்வரை டாக்சியில் அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

அவர் கட்டிலில் கிடந்தார். இரண்டு கைகளிலும் கருநீலமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தபோது ஈறில் ரத்தம் தெரிந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என் கணவருக்கு வைத்தியம் பார்த்த இளம் பஞ்சாபி டாக்டரிடம், "திடீர்னு இப்படி ஆயிடுச்சே" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஆப்கோ நஹீ(ன்) பதாயா?" என்றார். உங்களிடம் சொல்லவில்லையா? பிறகு இந்தியும் இங்கிலீஷுமாக மெதுவாகச் சொன்னார். நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பிருந்தே எல்.டி.எச். ஏறிக்கொண்டிருந்தது. நான் ஊருக்குப் போன அதே வாரம் மறுபடி மஜ்ஜையைக் குத்திப் பார்த்துவிட்டார்கள். நோய் திரும்பியிருந்தது. உடனே சேர்ந்துகொள்ளுங்கள், வேறு மருந்து பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என் கணவர் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். "அந்த லேப் மேடம்தான் கூட வந்திருந்தாங்க. ஊசி போட்டப்போ அவங்க கையைத்தான் பிடிச்சுக்கிட்டிருந்தார்" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார், பாவம்.

அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன். சண்டை போடும் நிலையில் அவர் இல்லை. ஆனாலும் கேட்டேன்.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா ஊருக்குப் போயிருப்பியா?"

"போயிருக்க மாட்டேன்."

"இங்க இருந்திருந்தா என்னை வீட்டுல விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன். இழுத்துட்டுப் போய்ச் சேர்த்திருப்பேன்."

"அதான்" என்றார். "உன் முகத்தைப் பார்த்துக்கிட்டு வேணாம்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. நான்தான் அவங்களைக் கெஞ்சினேன். அவங்களைக் கோவிச்சுக்காதே" என்றார்.

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு நேரம் இல்லை. அதனால் மொத்தக் கோபமும் மாடிக்குப் போயிற்று. இரவுச் சாப்பாட்டுக்கு ரசத்தைத் தூக்கில் எடுத்துக்கொண்டு அவள் இறங்கி வந்தாள். படியிலேயே மறித்தேன்.

"ஊருக்குப் போகட்டுமான்னு கேட்டேனே, அக்கா."

"கேட்ட."

"எல்.டி.எச். எவ்வளவுன்னு கேட்டேனே."

"கேட்ட. நார்மல்னு சொன்னேன்."

"எவ்வளவு இருந்துச்சு?"

"நார்மலுக்கு ரெண்டு மடங்குக்கு மேல." ஒளிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "மொத வாரம் ஏறுனப்பவே அவுகட்ட சொன்னேன். ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக. நோயி அவுகளோடது. எனக்கு வேற வழி தெரியல."

"நோய் அவரோடது. அவர் யாரோட புருஷன், அக்கா?"

அவள் தூக்கை என் கையில் கொடுக்கப் பார்த்தாள். நான் வாங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். ரத்தம் ஏற்றிக்கொள்ள மட்டும் சம்மதித்தார். கடைசி நாட்களில் அவர் பக்கத்தில் நான்தான் இருந்தேன். பெண்ணின் படிப்பைப் பற்றி, குவார்ட்டர்ஸைப் பற்றி, அவருடைய அம்மாவைப் பற்றிப் பேசினோம். சாவதைப் பற்றி மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதையெல்லாம் அவளிடம் பேசி முடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். நான் நலுங்கு பாடிக்கொண்டிருந்த நாட்களில் அந்த மேல்மாடி வீட்டில் கூலருக்கு எதிரே உட்கார்ந்து அவர் என்னென்ன சொன்னார், பயப்பட்டாரா, அழுதாரா, இது எதுவும் எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். என் வாழ்க்கையில் ஒரு மாதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார். அவளும் வாங்கிக்கொண்டாள்.

செக்டரில் பெண்கள் என்னைச் சமாதானப்படுத்தினார்கள். நல்ல எண்ணத்தில்தானே செய்தாள் என்றார்கள். யார் வேண்டுமானாலும் அப்படிச் செய்திருக்கலாம், நான் மன்னித்திருப்பேன். பம்பாய் அண்ணன் பொய் சொன்னதை மறுநாளே மறந்துவிட்டேன். அவரிடமிருந்து நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். இவள் சொல்லும் உண்மை ஒவ்வொன்றுக்கும் நான் பழகிப் பழகி, அவள் வாயிலிருந்து வருவதைத் திருப்பிப் பார்க்காமல் விழுங்குமளவுக்கு ஆனபிறகு, அந்தப் பழக்கத்தை வைத்தே என்னை ரயிலேற்றிவிட்டாள். வேறு யார் "நார்மல்" என்றிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். அது என் கணவருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அவளைப் பிடித்தார்.

கருணை அடிப்படையில் அவர் அமைச்சகத்திலேயே எனக்கு வேலை கொடுத்தார்கள். வேறு செக்டரில் சின்ன குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சாமான் ஏற்றும்போது அக்கா மேலே பால்கனியில் நின்றாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பஸ் ஸ்டாப்பில், மார்க்கெட்டில் தூரத்தில் கண்டால் நான் வழி மாறிப் போய்விடுவேன். அவள் கூப்பிட மாட்டாள். கேட்டவர்களிடம், "அவளுக்கு எம்மேல கோவம். கோவம் நியாயம்தான்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவள் அப்படிச் சொல்லக்கூடியவள்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் பெண் பன்னிரண்டாவது முடித்த வருடம், ஒரு கிருத்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனோம். இறங்கி வரும்போது அக்கா மேலேறி வந்துகொண்டிருந்தாள். ஒதுங்க இடமில்லை. முடி முழுக்க நரைத்திருந்தது. மூச்சு வாங்க எங்கள் எதிரிலேயே நின்றாள்.

"ரிடையராயிட்டேன். வர்ற வாரம் ஊருக்குப் போறேன். இனி இங்க வர மாட்டேன்" என்றாள். பெண்ணைப் பார்த்து, "அவுக நெத்தி" என்றாள். பிறகு நேராக என்னிடம், "ஒங்கிட்ட பொய் சொன்னதுக்கு தெனமும் வருத்தப்படுதேன். அவுகளுக்கு வாக்குக் குடுத்ததுக்கு வருத்தப்படல. ரெண்டையும் சொல்லணும்னு இருந்தேன்" என்றாள்.

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் இத்தனை வருடமாக உள்ளே கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது வேறு. அது வெளியே வந்துவிட்டது. அந்தப் பஞ்சாபி டாக்டர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். இதைக் கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை.

"நான் அப்ப இங்கேயே இருந்து, அவரை இழுத்துட்டுப் போய்ச் சேர்த்திருந்தா, பொழைச்சிருப்பாரா, அக்கா?"

அவள் யோசிக்கவில்லை. என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"இல்ல ஏட்டி. ரெண்டாவது தடவ அது ஓடுன வேகத்துக்கு எந்த மருந்தும் நின்னிருக்காது. ஆஸ்பத்திரியில கெடந்து போயிருப்பாக, அவ்வளவுதான்."

என் வாழ்க்கையில் நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. வேறு யார் சொல்லியிருந்தாலும் சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று தள்ளியிருப்பேன். இவள் ஒருத்திதான் ஆறுதலுக்கு எதையும் சொல்லாதவள். இவள் ஒருத்திதான் என் முகத்துக்கு நேரே "நார்மல்" என்றவள். அந்த "இல்ல"வை வைத்துக்கொண்டு அவள் முகத்தில் தேடினேன். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் அசையவில்லை. டீக்கடை பெஞ்சில் அன்று பார்த்த அதே முகமாகவும் இருந்தது. வாளியோடு நின்ற முகமாகவும் இருந்தது.

"வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

தமிழில் வேகமாகப் பேசினால் என் பெண்ணுக்குப் பாதிதான் புரியும். என் தோளைத் தொட்டு, "ஆண்ட்டி க்யா போலீ, அம்மா?" என்றாள், என்ன சொன்னாங்க என்று.

"ஊருக்குப் போறாங்களாம்" என்றேன்.